நைனா ஏறினால் கொதிக்கிற வண்டி

எங்கள் வண்டிக்கு ஒரு விசித்திரமான வியாதி இருந்தது. நைனா ஏறி உட்கார்ந்தால் மட்டும் கொதிக்கும்.

நானும் மனைவியும் பிள்ளைகளும் அதில் சென்னைக்குப் போய் வந்திருக்கிறோம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கியிருக்கிறோம். எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டர் முள் நடுக்கோட்டை விட்டு அசைந்ததில்லை. மாதம் ஒருமுறை, குடியாத்தத்தில் இருக்கும் அத்தையைப் பார்க்க நைனாவை ஏற்றிக்கொண்டு சத்துவாச்சாரியிலிருந்து கிளம்பினால் போதும், கிரீன் சர்க்கிள் நெரிசலிலேயே முள் மெல்ல மேலே நகரும். காட்பாடி மேம்பாலத்துக்குப் போவதற்குள் சிவப்புக் கோட்டைத் தொடும். அப்புறம் ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, நிழல் தேடி நிற்க வேண்டியதுதான். லத்தேரி தாண்டி ரோடு காலியானதும் முள் தானாகவே இறங்கிவிடும்.

"நான் ஏறினாத்தான் இதுக்கு ஜொரம் வருது" என்பார் நைனா.

"உங்க ராசி அப்படி" என்று அம்மா வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுப்பாள்.

ஆறு மாதம் இந்த ஜுரத்துக்கு வைத்தியம் பார்த்தோம். எந்த ஒர்க்‌ஷாப் என்று எழுதப்போவதில்லை. முதலில் எஞ்சினை ஆற்றும் திரவமான கூலன்டை மாற்றினார்கள். பிறகு தெர்மோஸ்டாட் வால்வு. பிறகு வாட்டர் பாடி, அதாவது கூலன்டைச் சுற்றவிடும் பம்ப். பிளக் கறுத்திருக்கிறது என்று அதையும் மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஏசியைப் போட்டு ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுவார்கள், முள் சமர்த்தாக நிற்கும். அடுத்த மாதம் நைனா ஏறுவார், கதை மறுபடி தொடங்கும். கடைசியில் "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் சார், எஞ்சினைப் பிரிச்சாத்தான் தெரியும்" என்றார்கள். அதுவரைக்கும் 9,000 ரூபாய்க்கு மேல் ஆகியிருந்தது. அத்தனை வேலையிலும் யாரும் எதையும் அளந்து பார்க்கவில்லை. மாற்றினார்கள், அவ்வளவுதான்.

துப்புக் கிடைத்தது ஒரு மே மாதத்தில், கத்திரி வெயிலில். வேலூரில் வெயில் சதமடித்தது என்று பேப்பர்காரர்கள் ஃபாரன்ஹீட்டில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள். காட்பாடியில் முள் ஏறிக்கொண்டிருந்தபோது நைனா டீ குடிக்க இறங்கினார். எனக்கு வேர்த்துக் கொட்டியது, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று ஏசியைப் போட்டேன். எஞ்சின் சூடேறும்போது ஏசியை அணைக்க வேண்டும், அது கூடுதல் சுமை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இரண்டே நிமிஷத்தில் முள் இறங்கியது. நைனா டீயை முடித்துவிட்டு வந்து, ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கினார். முள் மறுபடி ஏறியது.

நைனாவுக்கு ஏசி ஆகாது. 32 வருஷம் ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஃபாக்டரியில் பாய்லர் அட்டெண்டராக இருந்தவர். பாய்லர் முன்னால் அவ்வளவு காலம் நின்ற உடம்புக்குக் குளிர்காற்று பட்டால் முட்டி பிடித்துக்கொள்ளுமாம். பிள்ளைகளோ ஏசி இல்லாமல் தெருமுனையைக் கூடத் தாண்ட மாட்டார்கள். ஆக, வண்டிக்கு ஒத்துக்கொள்ளாதது நைனாவின் ராசி இல்லை, அணைத்து வைத்த ஏசி.

இதற்கு மேல் யோசிக்க, ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேனை யார் ஓட்டுகிறார்கள் என்று தெரிந்தால் போதும். வண்டி வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நெரிசலில் நிற்கும்போதுதான் ஃபேன் வேண்டும். எங்களுடையது போன்ற சின்ன வண்டிகளில் அதற்கு இரண்டு எஜமானர்கள். ஏசி போட்டால் சூடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃபேன் சுற்றும். ஏசி இல்லாவிட்டால், கூலன்ட் 95 டிகிரிக்குப் பக்கத்தில் வரும்போது எஞ்சின் கம்ப்யூட்டர், மெக்கானிக் பாஷையில் ஈசிஎம், ஃபேனுக்கு உத்தரவு கொடுக்கும். அந்த 95ஐ அதற்கு யார் சொல்வது? எஞ்சின் ஹெட்டுக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பித்தளைத் துண்டு. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார்.

அப்படியானால் மீட்டர் முள் மட்டும் எப்படிச் சரியாக ஏறியது? எங்கள் பழைய வண்டியில் முள்ளுக்கு ஒற்றை ஒயரோடு தனி சென்சார், ஈசிஎம்முக்கு இரண்டு ஒயரோடு வேறு சென்சார். புது வண்டிகள் பலவற்றில் ஒரே சென்சார்தான் இரண்டு வேலையையும் பார்க்கிறது. இரண்டாக இருந்ததால் பிழைத்தோம். எனக்கு ஒருவன் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தான், ஈசிஎம்முக்கு இன்னொருவன் எதையோ சொல்லிக்கொண்டிருந்தான்.

சென்சாருக்குள் இருப்பது தெர்மிஸ்டர் என்ற சின்ன மணி. மாங்கனீஸ், நிக்கல் போன்ற உலோகங்களின் ஆக்சைடைச் சுட்டுச் செய்வது. சாதாரணக் கம்பியில் சூடு ஏறினால் மின்தடை கூடும். இதில் தலைகீழ், சூடு ஏற ஏறத் தடை குறையும். இப்படி ஒரு குணம் இருப்பதை 1833லேயே மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்ஃபைடில் கண்டு குறித்து வைத்திருக்கிறார். ஈசிஎம் தன்னிடமிருக்கும் ஒரு ரெசிஸ்டர் (மாறாத மின்தடை) வழியாக 5 வோல்ட்டை இந்தச் சென்சாருக்கு அனுப்பிவிட்டு, அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கிறது. நிறைய மிஞ்சினால் எஞ்சின் குளிர்ந்திருக்கிறது, கொஞ்சமாக இருந்தால் சூடு. சூடு என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. ஒரு வோல்ட் கணக்கு மட்டும் தெரியும்.

ஒயரே அறுந்துபோனால் 5 வோல்ட் முழுசாக அப்படியே நிற்கும். எந்த ஊரிலும் இருக்க முடியாத குளிர், மைனஸ் 40 என்று அர்த்தமாகும். பெரும்பாலான ஈசிஎம்கள் அதை நம்பாது. செக் எஞ்சின் லைட்டை எரியவிட்டு, பாதுகாப்புக்கு ஃபேனையும் ஓட்டிவிடும். மெக்கானிக்கின் ஸ்கேனரில் பி0118 என்ற கோளாறு எண்ணாக வருவது இதுதான். ஒயர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பி0117. எங்கள் வண்டியில் எந்த லைட்டும் எரியவில்லை. அப்படியென்றால் சென்சார் செத்துப்போகவில்லை, நம்பும்படியாகப் பொய் சொல்கிறது. செத்த சென்சாரை விட இது மோசம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். வோல்ட்டையும் மின்தடையையும் அளக்க, லாங் பஜாரில் வாங்கிய மஞ்சள் மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. நைனா நாற்காலியைப் போர்டிகோவில் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் பானெட்டைத் திறந்ததும் முதல் கேள்வி அவரிடமிருந்து வந்தது.

"ராத்திரி நின்ன வண்டியா? எஞ்சின் ஆறிக்கீதா?"

"ஆறிடுச்சு நைனா."

"தொட்டுப் பாத்துட்டு மூடியத் தொற. ஆவி கண்ணுக்குத் தெரியாது. தெரியறது புகை. தெரியாததுதான் தோல உரிச்சிட்டுப் போவும்."

பாய்லர்காரர் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை, உள்ளே வெளிக்காற்றை விட ஏறக்குறைய 0.9 பார் கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற வால்வு. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 118 டிகிரி வரைக்கும் கொதிக்காமல் இருக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

சென்சாரைக் கழற்றுவதற்கு முன்னால் இரண்டு சின்னச் சோதனை. சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், சென்சாரில் ஒயர் வந்து மாட்டும் கப்ளரை உருவினேன். இரண்டு நொடியில் ஃபேன் விர்ரென்று சுற்றியது. ஆக மோட்டார், ரிலே, ஃபியூஸ் எல்லாம் நன்றாக இருக்கின்றன. கப்ளரின் இரண்டு பின்னுக்கும் நடுவில் மீட்டரை வைத்தேன், 4.98 வோல்ட். ஈசிஎம்மிலிருந்து வரும் ஒயரிங்கும் சுத்தம். ஐந்து நிமிஷ வேலை, செலவு ஒரு பைசா இல்லை. இதை ஆறு மாதத்துக்கு முன்னால் ஒருவர் செய்திருந்தால் வாட்டர் பாடி பிழைத்திருக்கும்.

பிறகு சாவியை அணைத்துவிட்டு, 19ஆம் நம்பர் ஸ்பேனரால் சென்சாரைக் கழற்றினேன். கொஞ்சம் கூலன்ட் வழியும், கீழே ஒரு டப்பா வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும் விஷம். நாய் பூனை நக்கினால் சிறுநீரகம் போய்விடும். அதனால்தான், சென்சாரைத் தண்ணீரில் சூடாக்கி அளக்க ஒரு பாத்திரம் கேட்டதும் மனைவி பால் காய்ச்சும் பாத்திரத்தை ஒளித்து வைத்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. பழைய ஈயம் போன தேக்சா ஒன்று மாடிப்படிக்கு அடியில் கிடந்தது, அதைக் கொடுத்தாள். "இது திரும்பக் கிச்சனுக்கு வரக் கூடாது" என்ற நிபந்தனையோடு.

சென்சாரை வாங்கிப் பார்த்த நைனா மூக்கின் நுனியை நகத்தால் சுரண்டினார். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது.

"உப்பு கட்டிக்கீது. இன்னா தண்ணி ஊத்தின?"

போர் தண்ணீர். முதல் மூன்று வருஷம் கூலன்டில் கலந்ததும் குறைந்தபோது ஊற்றியதும் போர் தண்ணீர்தான். நைனாவின் முகத்தில் ஒரு வேதனை தெரிந்தது. அவர் வேலை பார்த்த இடத்தில் பாய்லருக்கு, கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்ட்னர் வழியாக வராத தண்ணீர் ஒரு சொட்டுப் போகாது. பாலாற்றங்கரைத் தண்ணீரின் கடினத்தன்மையும், அதில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்ததும், அது 1996ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போனதும் அவர் வாழ்ந்து பார்த்த கதை. பாய்லர் குழாயில் உப்புப் படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாது, குழாய் கனன்று வெடிக்கும். "ஃபாக்டரி மிஷினுக்கு நல்ல தண்ணி ஊத்தினேன், எம் புள்ள காருக்கு போர் தண்ணி ஊத்திக்கீறான்" என்று அம்மாவிடம் புகார் போனது. ஆனால் இந்த மெல்லிய படிவு சென்சாரைக் கொஞ்சம் மந்தமாக்கும், அவ்வளவுதான். நெரிசலில் அரை மணி நின்றும் ஃபேன் வராததற்கு இது காரணமாகாது. சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு மேலே போனோம்.

தெர்மாமீட்டர் ஒன்று கல்லூரி லேப் சாமான் விற்கும் கடையில் வாங்கியிருந்தேன். 110 டிகிரி வரை காட்டும் கண்ணாடிக் குழாய். அடுப்பைப் பற்றவைக்கப் போனபோது நைனா தடுத்தார். "மொதல்ல இத்த செக் பண்ணு. இது சரியா காட்டுதுன்னு ஆரு சொன்னா?" நியாயமான கேள்வி. கரும்பு ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வந்து நொறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி வைத்தால் அது 0 டிகிரி. தெர்மாமீட்டர் ஒன்று காட்டியது. கொதிநீரில் 100. வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் 99.3க்குப் பக்கத்தில் கொதிக்க வேண்டும். ஏலகிரி உச்சியில் என்றால் இன்னும் மூன்று டிகிரி முன்னாடியே கொதித்துவிடும். ஒரு டிகிரிக்குள் தப்பு, போதும் என்று நைனா அனுமதி கொடுத்தார். மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தபோது அரை ஓம். அதுவும் போதும்.

இப்போது ஒரு நல்ல சென்சார் என்ன காட்ட வேண்டும் என்று தெரிய வேண்டும். இரண்டு பின் சென்சார்கள் பலவற்றுக்கு ஏறக்குறைய இந்தக் கணக்கு: 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம், 40ல் 1.2, 60ல் 0.6, 80ல் 0.32, கொதிநீரில் 0.19. ஒவ்வொரு 20 டிகிரிக்கும் பாதிக்குப் பாதி குறைகிறது என்று மனசில் வைத்துக்கொண்டால் மறக்காது. உங்கள் வண்டியின் மேனுவலில் வேறு எண்கள் இருந்தால் அதைத்தான் நம்ப வேண்டும்.

கழற்றி வைத்த நிலையில், காலை வெயில் ஏறியிருந்த போர்டிகோவில் 34 டிகிரி. சென்சார் 1.88 கிலோ ஓம் காட்டியது. வர வேண்டியது ஏறக்குறைய 1.46. என்னைப் போன்றவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறோம். இணையத்தில் பல பேர் இந்த ஒரே அளவை எடுத்துவிட்டு, "இரண்டு கிலோ ஓமுக்குப் பக்கத்தில் வருது, சென்சார் நல்லா இருக்கு" என்று முடித்துவிடுகிறார்கள். நானும் முடித்திருப்பேன். 1.88 என்றால் ஈசிஎம்முக்கு 28 டிகிரி என்று அர்த்தம். ஆறு டிகிரி வித்தியாசம், காலையில் ஸ்டார்ட் ஆவதற்கு அது ஒரு பொருட்டே இல்லை.

தேக்சாவில் தண்ணீர் வைத்து, மேலே ஒரு கரண்டியைக் குறுக்கே போட்டு, சென்சாரை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். மூக்கு மட்டும் தண்ணீருக்குள், ஒயர் மாட்டும் பின் இருக்கும் பக்கம் வெளியே. பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது, அடியின் சூடு தண்ணீரின் சூடு ஆகாது. தெர்மாமீட்டர் குமிழ் சென்சாரின் பக்கத்திலேயே. ஏறும்போது எடுத்த அளவுகள் தாறுமாறாக வந்தன, தண்ணீர் முந்திக்கொள்கிறது, சென்சார் பின்னால் ஓடி வருகிறது. கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, கலக்கிக்கொண்டே ஆறவிட்டபோதுதான் இரண்டும் சேர்ந்து நடந்தன. நைனா தெர்மாமீட்டரைப் படிக்க, நான் மீட்டரைப் படிக்க, மகள் ஹோம்வொர்க் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள்.

கொதிநீரில் 0.61. எண்பதில் 0.74. அறுபதில் 1.02.

நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வர வேண்டிய எண்களை எதிரில் எழுதிக் கழித்தபோது வயிற்றுக்குள் ஒரு சந்தோஷம். 0.61லிருந்து 0.19 போனால் 0.42. 0.74லிருந்து 0.32 போனால் 0.42. அறுபதிலும் 0.42. காலையில் எடுத்த 1.88லிருந்து 1.46 போனாலும் அதே 0.42. தெர்மிஸ்டர் மணி ஒழுங்காகத்தான் இருக்கிறது. அதற்கு முன்னாலோ பின்னாலோ எங்கோ ஒரு 420 ஓம் தடை வந்து குந்திக்கொண்டிருக்கிறது.

நம்பர் 420 என்று வந்ததற்கு நான் பொறுப்பில்லை.

குளிர்ந்திருக்கும்போது ஒன்றரை கிலோ ஓமோடு இந்த 0.42 சேர்ந்தால் பெரிதாகத் தெரியாது. சூட்டில் மணியின் தடை 0.19க்கு இறங்கும்போது, அசலை விடக் கலப்படம் இரண்டு மடங்கு. பாலில் தண்ணீர் கலப்பதற்குப் பதில் தண்ணீரில் பால் கலந்த மாதிரி. கொதிக்கிற தண்ணீரில் முங்கிக்கொண்டு எங்கள் சென்சார் ஈசிஎம்மிடம் சொன்ன செய்தி: "60 டிகிரிதாங்க, ஒன்றும் அவசரமில்லை." ஈசிஎம்மும் எஞ்சின் இன்னும் முழுசாகச் சூடாகவில்லை என்று நினைத்து பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டிருக்கிறது. பிளக் கறுத்ததும், லிட்டருக்கு 16 கொடுத்துக்கொண்டிருந்தது 14க்கு இறங்கியதும் அதனால்தான். லைட் எரியாததற்கும் காரணம் அதுவே, 60 என்பது எந்தக் கம்ப்யூட்டரும் சந்தேகப்படாத எண்.

பின்னை மெல்ல ஆட்டியபோது மீட்டரில் எண் குதித்தது. 0.6லிருந்து 1.2, மறுபடி 0.6.

"உள்ள லூஸ் காண்டாக்ட்டு" என்றார் நைனா.

புது சென்சாரைத் திங்கட்கிழமை உதிரிபாகக் கடையில் வாங்கினேன். வாட்டர் பாடிக்குக் கொடுத்த காசில் நாலைந்து வாங்கியிருக்கலாம். மாட்டுவதற்கு முன்னால் அதையும் அதே தேக்சாவில் போட்டு அளந்தோம், புதுசு என்பதற்காக யாருக்கும் சலுகை இல்லை என்பது நைனாவின் கட்சி. கொதிநீரில் 0.19, எண்பதில் 0.32. காப்பர் வாஷரைப் புதிதாகப் போட்டு இறுக்கி, டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்டை ஊற்றி, ஹீட்டரைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றினேன். சென்சாரின் மூக்கைச் சுற்றிக் காற்றுக் குமிழ் நின்றுவிட்டால் புது சென்சாரும் தப்பாகத்தான் சொல்லும். இதை அவசரமாகச் செய்துவிட்டு சென்சாரைத் திட்டுகிறவர்கள் நிறைய.

பழையதை நைனா குப்பையில் போடவிடவில்லை. ஹாக்சா பிளேடால் பிளாஸ்டிக் பக்கத்தை அறுத்து, உள்ளே பார்க்க என்னைக் கூப்பிட்டார். பின்னும் உள்ளே போகும் கம்பியும் சேரும் இடத்தில் பாசி பிடித்த மாதிரி பச்சை. கூலன்ட் எப்படியோ மேலே கசிந்து ஏறி, தாமிரத்தைத் தின்றிருக்கிறது. அந்தப் பச்சைதான் எங்கள் 420.

அடுத்த இரண்டாவது சனிக்கிழமை அத்தை வீட்டுக்குக் கிளம்பினோம். கண்ணாடி இறக்கி, ஏசி இல்லாமல். கிரீன் சர்க்கிளில் பஸ்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நின்றோம். முள் நடுவைத் தாண்டிக் கொஞ்சம் நகர்ந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பானெட்டுக்குள் விர்ரென்று சத்தம் கிளம்பியது. முள் நின்றது.

நைனா திரும்பி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"டேய், ஏசி போட்டியா இன்னா?"